யாருக்கும் மூடாத கதவு: ஜான் வெஸ்லியின் வாழ்க்கை

ஜார்ஜ்டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் செல்லும் சாலையில், ஒரு காலத்தில் பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டமாக இருந்த நிலப்பகுதியில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி நிற்கிறது. 1891இல் பாதிரியார் பால்டர்ஸ்டன் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளிதான் அது. மெதடிஸ்ட் என்ற சொல்லை ஒரு பள்ளியின் பெயராக மட்டுமே நம்மில் பலர் அறிவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையும் ஒரு பழைய கேள்வியும் இருக்கின்றன.

அந்தக் கேள்வி தமிழருக்குப் புதிதன்று. தேர்வில் தவறினால் தலையெழுத்து என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். முயற்சி போதவில்லை என்றும் அதே மூச்சில் சொல்வார்கள். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்தார்; ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்தார். வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டினார்கள்: அது தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள்: அதைத் தாயே கவ்விச் செல்லும். மனிதன் கரையேறுவது தன் முயற்சியாலா, இறையருளாலா என்பதே வழக்கு.

ஐரோப்பியக் கிறித்துவர்களும் இதே வழக்கில் பிரிந்து நின்றார்கள். இன்னார் இரட்சிக்கப்படுவர், இன்னார் கைவிடப்படுவர் என்று கடவுள் ஆதியிலேயே முடிவு செய்துவிட்டார் என்பது கால்வின் வழிவந்தோரின் கொள்கை. ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்மீனியஸ் (1560-1609) இதை ஏற்கவில்லை. கடவுளின் அருள் எல்லாருக்கும் நீட்டப்படுகிறது, அதை ஏற்கவும் தள்ளவும் மனிதனால் முடியும் என்றார். அவர் இறந்தபின், 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய சபை அவருடைய சீடர்களின் கருத்தைத் தள்ளியது. மலாக்காவில் இன்று சிவப்பு நிறத்தில் நிற்கும் கிறைஸ்ட் தேவாலயத்தை 1753இல் கட்டி முடித்த ஒல்லாந்தர், டோர்ட் தீர்ப்பை ஏற்ற திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அங்கே தள்ளப்பட்ட கருத்தை இங்கிலாந்தின் தெருக்களுக்கும் சுரங்க வாயில்களுக்கும் கொண்டு சென்றவர் ஜான் வெஸ்லி.

வெஸ்லி 1703இல் எப்வொர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் அவ்வூர்ப் பாதிரியார். தாய் சுசன்னா பெற்ற பிள்ளைகள் பத்தொன்பது பேர். பலர் குழந்தையிலேயே இறந்தனர். 1709இல் ஓர் இரவு வீடு தீப்பற்றியது. ஐந்து வயது ஜான் மாடியில் சிக்கிக்கொண்டான். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று சன்னல் வழியே அவனை இறக்கினார்கள். உடனே கூரை சரிந்தது. நெருப்பிலிருந்து இழுத்தெடுத்த கொள்ளியாகவே அவர் பிற்காலத்தில் தம்மை எண்ணிக்கொண்டார்.

ஆக்ஸ்போர்டில் படித்து, அங்கேயே லிங்கன் கல்லூரியில் ஆய்வாளர் பதவி பெற்றார். தம்பி சார்லஸும் சில நண்பர்களும் அவருடன் சேர்ந்து நேரம் வகுத்துப் படித்தார்கள், நோன்பிருந்தார்கள், சிறைக் கைதிகளைச் சென்று பார்த்தார்கள். இந்த முறைமையைக் கண்டு மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பட்டமே மெதடிஸ்ட். கேலிப்பெயர் உலகப்பெயரானது.

ஆனால் நோன்பும் ஒழுங்கும் அவருக்கு நிம்மதி தரவில்லை. 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது வெஸ்லி மரண பயத்தில் நடுங்க, உடன் வந்த மொராவியக் குடும்பங்கள் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தன. ஜார்ஜியாவிலும் தோல்விதான். தாம் விரும்பிய பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்கு நற்கருணை தர மறுத்தார், வழக்கு எழுந்தது, ஊரைவிட்டுக் கிளம்பினார். ஊருக்கு உபதேசம் செய்யப் போனவர் தமக்கே நம்பிக்கையில்லை என்று கண்டு திரும்பினார்.

1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு விருப்பமின்றியே போனார். ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குச் சற்று முன், தம் நெஞ்சில் ஓர் இதமான வெம்மை பரவியதை உணர்ந்தார். இரட்சிப்பு சம்பாதிக்கும் கூலியன்று, பெற்றுக்கொள்ளும் கொடை என்பது அன்று அவருக்கு விளங்கியது.

அடுத்த ஆண்டு நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு அவரைப் பிரிஸ்டலுக்கு அழைத்தார். கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்கள் தேவாலயத்துக்கு வருவதில்லை. ஆகவே ஒயிட்ஃபீல்டு திறந்தவெளியில் பேசிவந்தார். முதலில் கூசிய வெஸ்லியும் இறங்கிப் பேசினார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அவர் ஓயவில்லை. பெரும்பாலும் குதிரை மேல் ஏறத்தாழ 2,50,000 மைல் பயணம், ஏறத்தாழ 40,000 பிரசங்கங்கள் என்று கணக்கிடுவர்.

இந்த இரு நண்பர்களைப் பிரித்தது அந்தப் பழைய கேள்விதான். ஒயிட்ஃபீல்டு கால்வினின் கொள்கையர். மனிதனின் இசைவுக்குக் காத்திருப்பதானால் கடவுளின் இறைமை என்னாவது என்பது அவர் கவலை. எல்லாம் முன்பே முடிந்தது என்றால் யாரிடம், எதற்காகப் பிரசங்கிப்பது, அன்பே உருவான கடவுள் பிறக்குமுன்பே ஒருவரைத் தள்ளுவாரா என்பது வெஸ்லியின் கவலை. 1739இல் வெஸ்லி இதைப் பிரசங்கமாக வெளியிட்டார்; 1741இல் ஒயிட்ஃபீல்டின் மறுப்பும் அச்சில் வந்தது. இயக்கம் இரண்டாயிற்று.

மனிதன் தன் வலிமையால் கரையேறுவான் என்று வெஸ்லி சொன்னதாகப் பலர் தவறாக எண்ணுவதுண்டு. தானாக எழ முடியாதபடி மனிதன் விழுந்து கிடக்கிறான் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கேட்குமுன்பே கடவுளின் கிருபை ஒவ்வொருவரிடமும் முந்திச் செல்கிறது. மனசாட்சி உறுத்துவதே அதன் அடையாளம். அந்தக் கிருபைதான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் சுதந்திரத்தைத் திருப்பித் தருகிறது. ஏற்றவர் அன்பில் வளர வேண்டும். அலட்சியம் செய்தால் இழக்கவும் கூடும். நம் உவமையில் சொன்னால், தாய்ப்பூனை எல்லாக் குட்டிகளையும் தேடி வருகிறது. திமிறி ஓடவும் குட்டியால் முடியும்.

கொள்கை செயலாகவும் ஆயிற்று. ஏழைகளுக்கு மருந்தகம், சிறுகடன் நிதி, கிங்ஸ்வுட்டில் பள்ளி ஆகியவற்றை அமைத்தார். 1774இல் அடிமை வாணிபத்தைக் கண்டித்து நூல் எழுதினார். சொந்த வாழ்வில் மட்டும் அமைதி கிட்டவில்லை. 1751இல் செய்த திருமணம் பிரிவில் முடிந்தது. ஆனால் நட்பு பிழைத்தது. 1770இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது, அவர் விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. எட்டாண்டு கழித்து அவர் தொடங்கிய இதழுக்கு ஆர்மீனியஸின் பெயரையே சூட்டினார். நண்பரையும் விடவில்லை, கருத்தையும் விடவில்லை.

1786இல் லைட் பினாங்கில் கொடியேற்றியபோது வெஸ்லிக்கு 83 வயது. 1791 மார்ச் 2ஆம் நாள் காலமானார். இறப்பதற்குச் சில நாள் முன் எழுதிய கடிதம், அடிமை ஒழிப்புக்குப் போராடிய வில்பர்ஃபோர்ஸை ஊக்குவிப்பது.

1814இல் அவர் வழிவந்தோர் இலங்கையில் இறங்கி யாழ்ப்பாணத்தில் தமிழரிடையே பணி தொடங்கினர். 1817இல் சென்னைக்கும் வந்தனர். அமெரிக்க மெதடிஸ்டுகள் இந்தியா வழியே 1885இல் சிங்கப்பூர் சேர்ந்தனர். அங்கே பணியைத் தொடங்கிய ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். ஆறாண்டில் பினாங்கில் பள்ளி எழுந்தது. மலேசிய மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ் ஆண்டு மாநாடு என்றே ஒரு பிரிவு இன்றும் இயங்குகிறது.

வெஸ்லியின் சமயத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். அந்த விருப்பம் மெய்யானது என்பதே அவர் கட்சி. பிறந்த வீட்டையும் தோட்டத்தையும் வைத்து ஒரு பிள்ளையின் முடிவை முன்பே எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. தலையெழுத்து என்ற சொல் அடுத்த முறை நம் நாவில் வரும்போது, நிலக்கரிப் புழுதி படிந்த முகங்களின் முன் நின்று யாரும் விலக்கப்படவில்லை என்று சொன்ன அந்தக் குள்ள மனிதரைச் சற்று நினைத்துக்கொள்வோம்.