ரூடால்ப் டீசல்

1858-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்கு மகவாய்த் தோன்றியவர் ரூடால்ப் டீசல். நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்திற் பெரும்பங்கை வீணாக்குதல் கண்டு, ஆக்ஸ்பர்க் நகரிற் பல்லாண்டு உழைத்து, 1897-இல் தம் புதிய இயந்திரத்தை வெற்றியுற இயக்கினார். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் அவ்வியந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடிற்று. தாவர எண்ணெய் காலப்போக்கிற் பெட்ரோலியத்திற்கு நிகராகலாம் என 1912-இல் அவர் உரைத்தார், உலகம் செவிசாய்த்திலது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலினின்று மறைந்தார்.

அவ்வெண்ணெயின் தடிப்பே பெருந்தடையாய் நின்றது. 1937-இல் பெல்ஜியத்தைச் சார்ந்த ஷவான் என்பார், அதனை எரிசாராயத்தோடு வினைப்படுத்தி இளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று இல்லத்திலேயே அவ்வகை எரிபொருள் ஆக்குவோர், பிரிந்த கிளிசரினை வடித்து, எஞ்சியதை நீரோடு குலுக்கி, அது விரைந்து தெளிந்து பிரிகின்றதா எனச் சோதிக்கின்றனர். விதைத்தவர் விளைவு காணாது மறைந்தார், விதையோ பொய்த்திலது.