தவறிய துடிப்புகளை எண்ணியவர்: வைத்தியர் வென்கெபாக்கின் கதை

இருதய நோயாளர் விடுதிகளில் ஒரு பெயர் அடிக்கடி காதில் விழும். ஈ.சி.ஜி. தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு வைத்தியர் மற்றவரிடம், இது வென்கெபாக் என்பார். கட்டிலில் இருப்பவர் அதை ஏதோ புதிய வருத்தத்தின் பெயர் என்று நினைத்துப் பயப்படுவார். அது ஒரு மனிதரின் பெயர். அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று உலகெங்கும் ஈ.சி.ஜி. தாள்களில் தேடப்படும் அந்தக் கோலத்தை, ஈ.சி.ஜி. இயந்திரம் பாவனைக்கு வருவதற்கு முன்பே நாடித்துடிப்பை அளந்து கண்டுபிடித்தவர் அவர். அவருடைய வாழ்க்கையை நான் தேடி வாசித்ததற்குக் காரணம், இருதயக் குளிசைகள் பற்றி எங்கள் சனத்துக்கு இருக்கும் குழப்பம்தான்.

கரேல் ஃபிரெடரிக் வென்கெபாக் 1864ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தார். எங்கள் பேச்சில் சொன்னால் ஒல்லாந்தர். உத்ரெக்ட் நகரில் மருத்துவம் படித்து 1888இல் பட்டம் பெற்றார். நிறங்களைச் சரியாகப் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை அவருக்கு இருந்தது. சாயமிட்ட இழையங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. தவளையின் இருதயத்தை வைத்துப் பரிசோதனைகள் செய்துகொண்டிருந்த உடற்றொழிலியலாளர் எங்கெல்மானிடம் வேலை பழகினார். பிறகு நாட்டின் தெற்கே ஹேர்லன் என்ற ஊரில் சில ஆண்டுகள் பொது வைத்தியராக இருந்துவிட்டு உத்ரெக்டுக்குத் திரும்பினார்.

அங்கே, நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஒரு பெண் அவரிடம் வந்தார். அந்தக் காலத்து வைத்தியர்கள் பலருக்கு ஒழுங்கற்ற நாடி என்றால் ஒழுங்கற்ற நாடி, அவ்வளவுதான். வென்கெபாக் அதற்குள் ஒரு ஒழுங்கைத் தேடினார். மணிக்கட்டு நாடியைக் கோடாக வரையும் கருவியை வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். சில துடிப்புகள், பிறகு ஒரு துடிப்பு இல்லை. மீண்டும் சில துடிப்புகள், மீண்டும் ஒன்று இல்லை. அந்தத் தவறலுக்கு ஒரு கணக்கு இருந்தது. 1899இல் அதை வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான். இருதயத்தின் மேலறைகளில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைகளுக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் சற்றுத் தாமதிக்கிறது. வழமையில் அந்தத் தாமதம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே அளவாக இருக்கும். இந்தப் பெண்ணுக்கோ ஒவ்வொரு துடிப்பிலும் அது கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒரு தூண்டல் கடக்காமலே நின்றுவிடுகிறது. அதன்பின் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. ஓமந்தைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் சோதனை நேரம் கூடிக்கொண்டே வரும், பிறகு ஒருவர் திருப்பி அனுப்பப்படுவார். அந்தச் சாவடி இருதயத்தில் சரியாக எங்கே இருக்கிறது என்பதை ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல்தான் காட்டினார். வென்கெபாக் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அதன் நடத்தையைக் கணித்துவிட்டார்.

இதே காலத்தில் லெய்டன் நகரில் இன்னொரு ஒல்லாந்தரான வில்லெம் ஐன்தோவன், இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று கிராமத்து வைத்தியசாலை வரை வந்துவிட்ட ஈ.சி.ஜி. அதற்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. வென்கெபாக் விரலாலும் அளவுகோலாலும் கண்டது, ஐன்தோவனின் கருவியில் கண்ணுக்குத் தெரியும் கோடாக விழுந்தது.

வென்கெபாக் 1901இல் குரோனிங்கனிலும் 1911இல் ஸ்ட்ராஸ்பேர்க்கிலும் பேராசிரியரானார். 1912இல் அவரிடம் ஒல்லாந்த வணிகர் ஒருவர் வந்தார். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நோய் அவருக்கு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பெரிய வேதனை இல்லை. ஆனால் கணக்குவழக்கில் ஒழுங்கு பார்த்தே பழகிய வணிகருக்குத் தன் இருதயமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற எண்ணம். வென்கெபாக் தன்னால் எதையும் உறுதியளிக்க முடியாது என்றார். அப்படியானால் இருதய நிபுணர்கள் எதற்கு என்று கேட்ட வணிகர், அதை நிறுத்தும் வழி தனக்கே தெரியும் என்றார். வைத்தியர் நம்பவில்லை. நாளை காலை சீரான நாடியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் அப்படியே வந்து நின்றார்.

அவர் எடுத்தது ஒரு கிராம் குவினைன். மலேரியா உள்ள நாடுகளில் அந்தக் காலத்தில் எந்த வருத்தத்துக்கும் குவினைன் விழுங்குவது வழக்கம். அப்படி ஒருமுறை எடுத்தபோது நடுக்கம் அரை மணித்தியாலத்துக்குள் நின்றதை அவர் கவனித்து வைத்திருந்தார். குவினைன் வருவது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து. எங்கள் நாட்டுக்கும் அந்த மரத்தோடு உறவு உண்டு. ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா வளர்ப்பதற்காகத்தான். கோப்பி நோயால் அழிந்தபோது மலையகத் தோட்டங்கள் சில காலம் சிங்கோனாவை நட்டு, விலை விழுந்த பிறகு தேயிலைக்கு மாறின.

வென்கெபாக்குக்கு இதில் இருக்கும் பெருமை, நோயாளி சொன்னதைத் தட்டிக்கழிக்காமல் விட்டதுதான். மற்ற நோயாளர்களுக்கும் குவினைன் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு மட்டுமே பலித்தது. 1914இல் வெளிவந்த தன் நூலில் அதைப் பதிவு செய்தார். வணிகரின் கதையைப் பின்னாளில் அவரே சொன்னார். 1918இல் வால்டர் ஃப்ரை என்ற வைத்தியர் சிங்கோனாப் பட்டையிலுள்ள மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, குவினைனின் இரட்டைச் சகோதரன் போன்ற குவினிடின்தான் இருதயத் தாளத்துக்குக் கூடுதலாக உதவுகிறது என்று கண்டார். அணுக்கள் ஒன்றே, அவை அமைந்திருக்கும் விதம் மட்டும் வேறு.

குவினிடின் பரவியபோது இன்னொரு முகமும் தெரியவந்தது. மருந்து எடுத்தவர்களில் சிலர் திடீரென மயங்கி விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். அந்த மயக்கத்தின் காரணத்தை 1964இல் அமெரிக்க வைத்தியர்கள் ஈ.சி.ஜி. பதிவிலேயே காட்டினார்கள். குவினிடின் இருதயக் கலங்கள் மீண்டும் தயாராகும் நேரத்தை நீட்டுகிறது. தாளில் அது கியூ.ரி. என்ற இடைவெளி நீள்வதாகத் தெரியும். அளவுக்கு மீறி நீண்டால் கீழறைகள் தறிகெட்டு ஓடத் தொடங்கும். தாளத்தைச் சீராக்கத் தந்த மருந்தே தாளத்தைக் குலைக்கும். இதே பாடம் 1989இலும் வந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தாள மருந்துகள் சிலவற்றைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்து எடுத்தவர்களே கூடுதலாக இறந்தார்கள்.

இன்றைய குளிசைகளுக்கும் ஈ.சி.ஜி. தாளில் அவரவர் கையெழுத்து உண்டு. பிசோப்ரோலோல், அற்றெனலோல், வெராபமில் போன்றவை துடிப்பைக் குறைத்து, வென்கெபாக் கண்ட அந்தத் தாமதத்தைக் கூட்டும். தாளில் ஐந்து சிறு சதுரம், அதாவது 0.20 செக்கன், வரை அது வழமை. அதற்கு மேல் போனால் கவனிப்பார்கள். டிஜொக்சினும் அந்தத் தாமதத்தை நீட்டும். அளவு கூடினால் வென்கெபாக் கோலத்தையே உண்டாக்கவும் கூடும். அமியோடரோனும் சோட்டலோலும் கியூ.ரி. இடைவெளியை நீட்டும். ஃப்ளெக்கனைட், கீழறைகளின் கூரான அலையை அகலமாக்கும்.

டிஜொக்சினின் இன்னொரு கையெழுத்தை எங்கள் குடும்பமே பார்த்தது. என் பெரியம்மாவுக்குச் சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுது. 2009இல் இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியும் பழைய ஈ.சி.ஜி. தாள்களும் போய்விட்டன. முகாமிலிருந்து வந்த பிறகு ஒருநாள் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தாளில் ஒரு பகுதி கரண்டியால் அள்ளியதுபோலக் கீழே தொய்ந்திருந்தது. இருதயத்துக்கு இரத்தம் போதவில்லையோ என்று அங்கே பரபரப்பு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் ஒன்றும் இல்லை. அவ சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த குளிசை உறையைப் பார்த்த பிறகுதான் அது டிஜொக்சின் என்று தெரிந்தது. அந்தத் தொய்வு, அந்த மருந்தை எடுப்பவர்களில் வழமையாகக் காணப்படுவது. அதுமட்டும் நோயின் அடையாளமும் இல்லை, நஞ்சாகிவிட்டது என்பதன் அடையாளமும் இல்லை. இரத்தப் பரிசோதனைகளும் செய்து பார்த்த பிறகே வீட்டுக்கு விட்டார்கள்.

இடப்பெயர்வில் மருந்துப் பதிவுகளைத் தொலைத்த குடும்பங்கள் எங்களிடையே ஏராளம். அதனால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். ஈ.சி.ஜி. எடுக்கும்போது நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசைகளின் பெயரையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அல்லது உறைகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இருதயக் குளிசை மட்டும் போதாது. எரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகள், மனநோய்க்கான சில மருந்துகள், மலேரியாவுக்கான குளோரோகுயின் என்பனவும் கியூ.ரி. இடைவெளியை நீட்டக்கூடியவை. வயிற்றோட்டம், வாந்தி, சலம் போக்கும் குளிசை என்பவற்றால் உடலில் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். நாளடைவில் எழுத்து மங்கிவிடும். தொலைபேசியில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். குளிசை எடுக்கும் நாட்களில் மயக்கம் வந்தால், கண் இருண்டால், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதை வாசித்துவிட்டுப் பயந்து யாரும் தாங்களாகவே குளிசையை நிறுத்த வேண்டாம். நிறுத்துவதாலும் உயிர் போகலாம்.

வென்கெபாக் 1914இல் வியன்னாவுக்குப் பேராசிரியராகப் போனார். அவர் போன ஆண்டிலேயே முதலாம் உலகப்போர் தொடங்கியது. பசியும் நோயும் வாட்டிய அந்த நகரத்தை விட்டு அவர் போகவில்லை. 1927இல் ஹைன்ரிக் வின்டர்பேர்க் என்ற வைத்தியரோடு சேர்ந்து, ஒழுங்கற்ற இருதயத் துடிப்பைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். 1929இல் ஓய்வு பெற்றார். தீட்டிய அரிசியை உண்பதால் வரும் பெரிபெரி நோய் இருதயத்தைத் தாக்கும் விதத்தையும் ஆராய்ந்து 1934இல் நூலாக்கினார். இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940 நவம்பரில், அதே வியன்னாவில் காலமானார்.

இன்று குவினிடினை வைத்தியர்கள் மிக அரிதாகவே கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வணிகர் செய்த வேலை பழசாகவில்லை. எந்த மருந்தை எடுத்தேன், எவ்வளவு எடுத்தேன், அதன்பின் உடம்பு என்ன செய்தது என்று அவருக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. பெயர்பெற்ற ஒரு பேராசிரியருக்கு அதுவரை தெரியாததை அது சொல்லிக்கொடுத்தது.