தோல்விகள் கற்பித்த கூட்டுறவு

கல்லூரியில் பொருளியல் கற்பித்த முப்பத்திரண்டு ஆண்டுகளும், ஊரகக் கடன் என்னும் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ரைஃபைசன் என்ற பெயரை எழுதுவேன். அதன்கீழ் அவர் வகுத்த நெறிகளை வரிசையிடுவேன்: ஒரு சங்கத்துக்கு ஒரு சிற்றூர், வரம்பற்ற பொறுப்பு, ஊதியம் பெறாத நிர்வாகம், பங்கிடப்படாத ஒதுக்கு நிதி. மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினர், மதிப்பெண்ணும் பெற்றனர். அந்த நெறிகள் எப்படிப் பிறந்தன என்பதை நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பின் அவர் வாழ்க்கையை நிதானமாகப் படித்தபோதுதான், நான் எழுதிப் போட்டது ஒரு மனிதரின் தோல்விகள் அவருக்குக் கற்பித்த பாடங்கள் என்பது விளங்கியது.

ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1818 மார்ச் 30-இல் ஜெர்மனியின் ரைன் பகுதியில், ஸீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் ஏழாமவர். உயர்கல்விக்கு வசதியில்லாததால் 17 வயதில் படையில் சேர்ந்தார். கண்நோய் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. பின்னர் குடிமைப் பணிக்கு வந்து, 1845-இல் வயர்புஷ் என்ற ஊரகப் பகுதியின் மேயரானார். வளமற்ற மண்ணும் சிறு நிலங்களும் கொண்ட மலைநாடு அது.

அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. 1846-47 குளிர்காலத்தில் விளைச்சல் பொய்த்து, தானிய விலை ஏழைகளுக்கு எட்டாத உயரம் சென்றது. அரசுக் கிடங்கிலிருந்து வந்த மாவை ரொக்கத்துக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கையில் காசுள்ளவனுக்குப் பஞ்சம் ஏது? இளம் மேயர் உத்தரவை மீறி, கடன் சீட்டின் பேரில் மாவைக் கொடுத்தார். வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி ரொட்டிச் சங்கம் ஒன்றை அமைத்தார். பொது அடுப்பு கட்டி, குறைந்த விலைக்கு ரொட்டி வழங்கினார். ஊர் பிழைத்தது.

பசி தீர்ந்ததும் அவர் கண்ணில் பட்டது கடன். மாடு வாங்கவும் விதை வாங்கவும் உழவர்கள் வட்டிக்காரர்களிடம் சென்றனர். தவணை தவறினால் மாடும் போயிற்று, நிலமும் போயிற்று. 1848-இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றலான ரைஃபைசன், மறு ஆண்டு அங்கே உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஏறத்தாழ அறுபது செல்வர்கள் கூட்டாகப் பிணை நின்றனர். சங்கம் மாடுகளை வாங்கி ஏழை உழவர்களுக்குக் கொடுத்து, சில ஆண்டுத் தவணைகளில் பணத்தைத் திரும்பப் பெற்றது. 1852-இல் ஹெடஸ்டார்ஃபுக்குச் சென்றவர், 1854-இல் அங்கும் ஒரு நலச் சங்கத்தை நிறுவினார். ஆதரவற்ற குழந்தைகள், சிறையிலிருந்து விடுதலையானோர், வேலையற்றோர் என அனைவரையும் அது அரவணைக்க முயன்றது.

இங்கேதான் அவர் தோற்றார். பிணை நின்றவர்கள் செல்வர்கள். கடன் பெற்றவர்கள் ஏழைகள். கொடுத்தவருக்குச் சங்கத்தால் பயனில்லை. பெற்றவருக்குச் சங்கத்தில் பொறுப்பில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் செல்வர்களின் ஈடுபாடு குன்றியது. ஒருவர் பின் ஒருவராக விலகினர். கிறித்தவ அன்பின் மீது ஆழ்ந்த நம்பிக்கை கொண்ட ரைஃபைசனுக்கு இதை ஏற்பது எளிதாக இருந்திருக்காது. இருந்தும் ஏற்றார். 1864-இல் நலச் சங்கத்தைக் கலைத்து, ஹெடஸ்டார்ஃப் கடன் சங்கமாக மாற்றி அமைத்தார். கடன் வேண்டுவோர் உறுப்பினராக வேண்டும். சங்கம் நொடித்தால் ஒவ்வோர் உறுப்பினரின் நிலமும் வீடும் அதற்குப் பிணை.

வரம்பற்ற பொறுப்பு என்று நான் வகுப்பில் எழுதிய சொல்லின் பொருள் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் கடனுக்கு என் நிலம் ஈடு என்றால், அவர் எதற்காக வாங்குகிறார் என்று நான் கேட்பேன். கணக்கை நான் பார்ப்பேன். ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதால்தான் சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூரோடு நின்றது. ஒவ்வொரு நெறியும் அடுத்ததைத் தாங்கி நிற்கிறது. ஒன்றை உருவினால் மற்றவை சாயும்.

அவருடைய சொந்த வாழ்வு இனியதாக இல்லை. 1863-இல் மனைவி எமிலி இறந்தார். நோயால் உடலும் பார்வையும் தளர, 1865-இல் 47 வயதில் பணி ஓய்வு பெற்றார். சொற்ப ஓய்வூதியம் போதாமல் சுருட்டுத் தொழிலும் மது வணிகமும் செய்தார். 1866-இல் கடன் சங்கங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் அவருடைய கருத்துகளை ஊர்தோறும் கொண்டு சென்றது. பார்வை மங்கிய அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் இருந்தவர் மூத்த மகள் அமாலி. அந்த மகள் மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்ததற்குத் தந்தையின் பிடிவாதமும் காரணம். யூத வணிகர்கள் மீது அன்று நிலவிய வெறுப்பிலிருந்தும் அவர் விடுபட்டிருக்கவில்லை. பெரியவர்களைப் போற்றும்போது இவற்றை மறைப்பது நேர்மையாகாது.

கைவினைஞர்களுக்கான கடன் சங்கங்களை வளர்த்த ஷுல்ட்ஸ-டெலிட்ச், ரைஃபைசனின் முறையைக் கடுமையாக எதிர்த்தார். குறுகிய காலக் கடனே பாதுகாப்பானது என்பது அவர் வாதம். விதைத்தவன் அறுக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதை ரைஃபைசன் விட்டுக்கொடுக்கவில்லை. சங்கங்களை இணைத்து அவர் அமைத்த மத்திய வங்கிகள் சட்டத்துக்குப் பொருந்தாதவை என்று கலைக்கப்பட்டபோது, 1876-இல் வேறு வடிவில் ஒரு மத்தியக் கடன் நிறுவனத்தை நியூவீட் நகரில் எழுப்பினார். 1888 மார்ச் 11-இல், எழுபதாம் பிறந்த நாளுக்குச் சில நாள்களே இருந்தபோது மறைந்தார். அப்போது ஜெர்மனியில் நானூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள் அவர் வழியில் இயங்கின.

அவர் பெயர் நம் மண்ணுக்கு வந்ததும் விரைவிலேயே. சென்னை மாகாண அரசு, வேளாண் வங்கிகளை ஆராய ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை 1892-இல் நியமித்தது. ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கைகள், இந்தியாவுக்குத் தேவை ரைஃபைசனைப் போன்ற மனிதரே என்ற முடிவுக்கு வந்தன. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் பிறந்தது; அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் வேளாண் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஆனால் ஒரு வேறுபாடு. ஜெர்மனியில் சங்கம் முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டமும் பதிவாளரும் முதலில் வந்தனர். உறுப்பினர் கடைசியில் வந்தார்.

அந்தக் கடைசி உறுப்பினர்களில் என் தந்தையும் ஒருவர். எங்கள் ஊர்ச் சங்கத்தில் நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். பேரவைக் கூட்டத்துக்கு அவர் சென்றதாக எனக்கு நினைவில்லை. தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும். திண்ணையில் அமர்ந்தபடியே கையெழுத்திடுவார். சங்கத்தை அவர் சர்க்கார் கடை என்றே அழைப்பார். அதில் தமக்கும் பங்குண்டு என்ற எண்ணம் அவருக்கு வந்ததே இல்லை.

2021-இல் தமிழக அரசு 16.43 லட்சம் உழவர்கள் கூட்டுறவு வங்கிகளில் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. புயலிலும் வெள்ளத்திலும் பயிரை இழந்தவரின் சுமையை இறக்குவதைக் குறை கூற மாட்டேன். பஞ்சத்தில் ரைஃபைசனும் விதியை மீறி மாவு கொடுத்தவர்தான். துயர்க் காலத்தில் கொடை சரியே. கொடைக்குப் பின் என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண ரைஃபைசனுக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. நமக்கு 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் கடன் கொடுப்பதும் அரசு, தள்ளுபடி செய்வதும் அரசு என்ற நிலையே தொடர்கிறது. தனக்கு இழப்பில்லாத சங்கத்தின் கணக்கை எந்த உழவர் கேட்பார்?

வரம்பற்ற பொறுப்பை இன்று மீட்டெடுக்க இயலாது, வேண்டியதும் இல்லை. உறுப்பினர்களின் வைப்புத்தொகையிலிருந்து ஒரு பகுதியேனும் கடனாகச் செல்லட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வரவு-செலவு ஊர் நடுவே உரக்கப் படிக்கப்படட்டும். கூட்டுறவுத் தேர்தல்கள் காலம் தவறாமல் நடக்கட்டும். தன் பணம் உள்ளே இருக்கிறது என்று அறிந்தவர் கேள்வி கேட்பார்.

தந்தையின் மறைவுக்குப் பின் அவர் நிலமும் உறுப்பினர் உரிமையும் எனக்கு வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குச் சென்றிருந்தபோது தீர்மானப் புத்தகம் என் கைக்கும் வந்தது. கூட்டுறவைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்ற நானும், ஒரு வரிகூடப் படிக்காமல், அதே திண்ணையில் அமர்ந்து கையெழுத்திட்டேன். அடுத்த முறை புத்தகம் வந்தால், கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு நேரில் போவதாக இருக்கிறேன்.