இடமறிந்து மரம் நட்டவர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் அழகுக்காக வைத்திருந்த குல்மோகர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊரெல்லையில் பனைகள் அசையாமல் நின்றன. இனி எதை நடுவது என்ற பேச்சு எழும்போதெல்லாம், உதகையில் வாழ்ந்து மறைந்த ஒரு தோட்டக்கலைஞரை நினைத்துக்கொள்கிறேன்.

வில்லியம் கிரகாம் மெக்ஐவர் ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பயின்றவர். 1848-இல் உதகைத் தாவரவியல் பூங்காவை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கிடைத்த இடமோ தொட்டபெட்டாவின் அடிச்சரிவு: மேலே அடர்ந்த சோலை, கீழே ஓடைகள் அறுத்த சதுப்பு. சதுப்பை வடித்து, சரிவைப் படிகளாக்கி, அயல்நாட்டு அழகு மரங்களை அங்கே வேரூன்றச் செய்தார்.

அந்த மலையில் மரத்தின் பகை உறைபனி. மேகமற்ற, காற்றடங்கிய இரவில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். விடிந்ததும் இளந்தளிர்கள் கருகிக் கிடக்கும். எந்த மரம் என்பதைப் போலவே, சரிவில் எந்த இடம் என்பதும் அங்கே முக்கியம். இன்றும் பனிக்காலத்தில் அப்பூங்காவின் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடுகிறார்கள். காலையில் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள்.

இளமையில் பாசியினத் தாவரங்களை ஆராய்ந்தவர் மெக்ஐவர். 1860-களில், மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தரும் சின்கோனா மரங்கள் அவர் பொறுப்பில் வளர்ந்தன. பட்டைக்காக மரத்தையே வெட்டாமல், கீற்றுகளாக உரித்து, காயத்தைப் பாசியால் போர்த்தினார். மரம் மீண்டும் பட்டை கட்டியது. 1876-இல் மறைந்த அவர், உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கமானார்.

அக்காலத்து ஆர்வத்துக்கு மறுபக்கமும் உண்டு. அன்று நீலகிரிக்கு வந்த ஆஸ்திரேலியச் சீகையும் தைலமரமும் பின்னாளில் மலைப் புல்வெளிகளை விழுங்கின. அதே தைலமரக் காடுகளை அகற்றக் கோரி எங்கள் மாவட்ட உழவர்கள் இன்று போராடுகிறார்கள்.

மெக்ஐவர் வளர்த்த மரங்கள் எங்கள் செம்மண்ணில் பிழைக்கா; அவருடைய பொறுமை பிழைக்கும். எங்கள் பகை புயலும் வறட்சியும். விழா நடத்திக் கன்றுகளை எண்ணுவதைவிட, புங்கை, மகிழம், நாவல் என மண்ணுக்கேற்றவற்றைத் தேர்ந்து நட்டு, முதல் மூன்று கோடைக்கு நீரூற்ற ஆளை நியமிப்பதே உள்ளாட்சிகள் செய்யவேண்டிய வேலை.