ஃபைல் நகரவே காசு ஏன்? 1964-லேயே பதில் சொன்ன கே.சந்தானம்

சங்கராபுரம் தாலுகா ஆபீஸானாலும் சரி, கல்வராயன் மலை வெள்ளிமலையானாலும் சரி, மக்கள் விண்ணப்பிப்பது பெரும்பாலும் தங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியதைத்தான். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்... இப்படி உரிமையாக வர வேண்டிய ஒன்றுக்கு நாட்டில் எங்கேயானாலும் ஏன் லஞ்சம் கொடுக்க வேண்டி வருது? இதை அரசாங்கத்துக்கே விளக்கி எழுதிக் கொடுத்தவர் ஒரு தமிழர். பெயர் கே.சந்தானம்.

யார் இவர்?

1895-ல் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு வக்கீல் தொழிலை விட்டார். 1930-ல் ராஜாஜி நடத்திய வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் பங்கெடுத்தார். பிறகு பத்திரிகை ஆசிரியர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், ரயில்வே இணை அமைச்சர், 2-வது நிதிக்குழுத் தலைவர். அரசாங்கத்தை வெளியே நின்று எதிர்த்தவர், உள்ளே இருந்தும் பார்த்துவிட்டார்.

சந்தானம் கமிட்டி

1962-ல் அரசுத் துறைகளில் ஊழல் பற்றி நாடாளுமன்றத்தில் கடும் விமர்சனம். உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, சந்தானம் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 1964-ல் அறிக்கை வந்தது.

அதில் முக்கியமான விஷயம் இதுதான். லஞ்சம் கொடுக்கிற பலரும் சட்டத்தை மீற நினைப்பவர்கள் இல்லை. ஃபைல் சீக்கிரம் நகரட்டும் என்றுதான் கொடுக்கிறார்கள். அதனால் சில இடங்களில் வேண்டுமென்றே ஃபைலை நிறுத்தி வைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. தாமதம், சுற்றி வளைக்கும் நடைமுறை, அதிகாரி தன் விருப்பப்படி முடிவெடுக்க இடம், அரசாங்கம் தன்னால் சமாளிக்க முடியாத அளவுக்குக் கட்டுப்பாடுகளைப் போடுவது. இந்த நான்கையும் சரிசெய்யாமல் ஆளை மட்டும் பிடித்தால் போதாது என்பதுதான் இதன் அர்த்தம்.

என்ன மாறியது?

அறிக்கை முழுசா வரும் முன்பே, 1964 பிப்ரவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் புதிதாக வந்தன. ஊழல் தடுப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டன. அதே வருஷம் தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறையும் தொடங்கப்பட்டது.

எது மாறவில்லை?

சந்தானம் கிளார்க்கோடு நிறுத்தவில்லை. அமைச்சர்கள் மேல் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் விசாரிக்க வழி வேண்டும் என்றார். கட்சிகளுக்குக் கம்பெனிகள் நன்கொடை கொடுப்பதைத் தடை செய்யச் சொன்னார். அந்தத் தடை 1969-ல் வந்தது, 1985-ல் போய்விட்டது. கண்காணிப்பு ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைக்க 2003 வரை ஆனது. லோக்பால் சட்டம் 2013-ல்தான் நிறைவேறியது. கீழ்மட்டத்துக்கான பரிந்துரைகள் சில மாதங்களில் நடந்தன. மேல்மட்டத்துக்கானவை பல பத்தாண்டு காத்திருந்தன.

சந்தானம் 1980-ல் காலமானார். இன்று ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, ஸ்டேட்டஸ் பார்க்க முடிகிறது. தாமதத்தைக் குறை, ஃபைல் எங்கே நிற்கிறது என்று தெரியட்டும் என்ற அவர் வழியில் அது ஒரு படி. அடுத்த தடவை உங்கள் விண்ணப்பம் காரணமே இல்லாமல் நின்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். லஞ்சம் ஆரம்பிக்கிற இடம் அந்தத் தாமதம்தான்.