கோவிந்துவின் பெயர் தாங்கிய மலர்

ஆர்க்கிடுகளுள் பல, மண்ணைத் தொடாமல் உயர்ந்த மரக்கிளைகளில் வாழும் தொற்றுத் தாவரங்கள். காட்டில் அவற்றைப் பூத்த நிலையில் காண்பது அரிது. கண்டதைக் காத்து வைப்பது அதனினும் அரிது. தாளிடையே அழுத்தி உலர்த்தினால் சதைப்பற்றுள்ள இதழ்கள் சுருங்கும், நிறம் கருகும், ஓர் இனத்தைப் பிறிதோர் இனத்தினின்று பிரித்தறிய உதவும் உதட்டிதழின் வடிவமும் சிதைந்துவிடும். பூ வாடுமுன் அதனை வரைந்துவிடுவதே வழி. அவ்வழியில் தென்னிந்தியத் தாவரங்களைப் பதிவு செய்தவர் இராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்தில் 1796ஆம் ஆண்டு பிறந்த வைட், எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1826இல் அரசின் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பதவியை அரசு ஒழித்துவிட்டது. மீண்டும் படை மருத்துவராகி நாகப்பட்டினம் சென்றபோதும் செடிகளைத் திரட்டுவதை அவர் விடவில்லை. 1831இல் விடுப்பில் தாயகம் திரும்புகையில் ஏறத்தாழ ஓரிலட்சம் உலர்தாவர மாதிரிகளை உடன் கொண்டு சென்றார். பதவியிருந்தும் பலர் செய்யாததைப் பதவியிழந்தவர் செய்தார்!

1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளை மேற்பார்வையிட்டார். பருத்தி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆயினும் நீலகிரி அருகிலிருந்தது. அவருடைய சேகரிப்பாளர்கள் காடுகளிலிருந்து கொண்டுவந்த செடிகளை இந்திய ஓவியரான ரங்கையாவும், அவருக்குப்பின் கோவிந்துவும் வரைந்தனர். முழுச்செடியின் தோற்றத்தோடு, பூவின் உறுப்புகளைப் பிரித்துப் பெரிதாக்கியும் காட்டினர். அவ்வோவியங்களிலிருந்து கல்லச்சுப் படங்கள் உருவாயின. 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவரது படநூலில் 2101 படங்கள் உள்ளன; ஆர்க்கிடுகளும் அவற்றுள் அடங்கும். பெரும்பாலும் வண்ணமற்ற கோட்டுப்படங்களே எனினும், இனத்தை அறிவதற்கு அக்கோடுகள் போதுமானவை.

கம்பெனிக்காக வரைந்த இந்திய ஓவியர் பலர் பெயரின்றி மறைந்தனர். வைட் தம் ஓவியர்களின் பெயர்களைப் படங்களின் கீழ் அச்சிடச் செய்தார். அத்துடன் நில்லாமல், ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் 'கோவிந்துயா' என்றே பெயர் சூட்டினார். பின்னாளில் அச்செடி, முன்பே பெயரிடப்பட்ட 'டிரோபிடியா' பேரினத்தைச் சார்ந்தது எனக் கண்டறியப்பட்டது. முந்திய பெயரே நிலைக்கும் என்னும் தாவரவியல் விதிப்படி கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்து, இணைப்பெயர்ப் பட்டியலில் ஒதுங்கியது.

1853இல் இங்கிலாந்து திரும்பிய வைட் 1872இல் மறைந்தார். ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த மூல ஓவியங்கள் பல, எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் இன்றும் உள்ளன.