களிப்போடு உழைத்த தமிழ்த்தாத்தா

நுழையும்முன்

தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் கண் விழித்துப் படிப்போர் உண்டு. நாள்தோறும் சிறிது படித்து, அப்படிப்பிலேயே இன்பம் காண்போரும் உண்டு. இரண்டாவது வழியில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் உ. வே. சாமிநாத ஐயர். சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றிய அவரைத் தமிழ்த்தாத்தா என உலகம் போற்றுகிறது. இத்தனை ஆண்டுகள் சலிப்பின்றி உழைக்க அவரால் எவ்வாறு இயன்றது? இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

சாமிநாதர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். ஆயினும் குடும்பத்தில் வறுமை நிலவியது. மைந்தனின் தமிழ் ஆர்வத்தை உணர்ந்த தந்தை, அவரை மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். 1876இல் ஆசிரியர் மறையும்வரை சாமிநாதர் அவரைப் பிரியாமல் இருந்து கற்றார். ஆசிரியர் செய்யுள் இயற்றிச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவர். அங்கே கல்விக்கெனத் தனி நேரம் இல்லை. வாழ்வே கல்வியாக இருந்தது.

ஒரு கேள்வி காட்டிய வழி

1880இல் கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதர் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் கற்ற நூல்கள் யாவை என வினவினார். சாமிநாதர் அந்தாதிகளையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். முதலியார் அவற்றால் நிறைவு கொள்ளாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை என்பதே விடையாயிற்று. சாமிநாதர் இதனால் வருந்தி ஒதுங்கவில்லை; அந்நூலைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார்.

பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. சிந்தாமணி சமணக் காப்பியம். ஆகவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடித் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887இல் அந்நூல் அச்சில் வெளிவந்தது.

சலியாமையின் காரணம்

கல்லூரி நாள்களில் பகற்பொழுது பாடம் சொல்வதிலே கழியும். எஞ்சிய நேரம் ஏடுகளுக்கு உரியது. விடுமுறை வந்தால் சுவடி தேடி ஊர் ஊராகச் செல்வார். ஒரே செயலை இடைவிடாது செய்தால் மனம் சோரும். அவர் பணியிலோ பல கூறுகள் இருந்தன. படி எடுத்தல், பாடங்களை ஒப்பிடுதல், அருஞ்சொற்களுக்கு அகராதி வகுத்தல், அறிந்தோரிடம் கேட்டல் என ஒன்று மாற்றி ஒன்று அமைந்தது.

அவர் தனியே உழைக்கவும் இல்லை. ஒருவர் ஒரு சுவடியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் வெவ்வேறு சுவடிகளைக் கையில் வைத்துக்கொண்டு வேறுபாடுகளைக் குறிப்பர். மாணவரும் நண்பரும் கூடிச் செய்ததால் உழைப்பின் சுமை குறைந்தது, இன்பம் மிகுந்தது.

தேடிய ஒன்று கிடைக்கும்போது பிறக்கும் மகிழ்ச்சி அவருக்குப் புதிய ஊக்கம் தந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில், மலர்களின் பெயர்கள் வரும் பகுதி அவர் பெற்ற ஏடுகளில் குறைந்திருந்தது. தருமபுர ஆதீனத்தில் பழைய ஏடுகளைப் புரட்டியபோது அப்பகுதி கிடைத்தது. விடுபட்ட மலர்களெல்லாம் மீண்டும் பூத்தன!

இடர்களுக்கும் குறைவில்லை. ஏடுகள் பலவற்றைச் செல் அரித்திருந்தது. சில ஊர்களில் பழுதுற்ற ஏடுகளை நெருப்பிலும் ஆற்றிலும் இட்டிருந்தனர். அச்சுக்கூலிக்கும் காகிதத்திற்கும் பணம் போதாமல் கடன்படவும் நேர்ந்தது. ஆயினும் அவர் நடை நிற்கவில்லை, விரையவும் இல்லை. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. வெளியிட்டதோடு அவர் அமையவில்லை. புதிய ஏடுகள் கிடைத்தபோது திருத்தி, சிந்தாமணியை மீண்டும் இருமுறை பதிப்பித்தார்.

முதுமையிலும் பணி

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயர், 1919இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றது ஊதியப் பணியிலிருந்து மட்டுமே. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். 1937இல், எண்பத்திரண்டாம் அகவையில், குறுந்தொகையைப் பதிப்பித்தார். தாம் பழகிய புலவர்களையும் இசைவாணர்களையும் பற்றி எளிய உரைநடையில் கட்டுரைகள் வரைந்தார். 1940இல் தம் வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் தொடராக எழுதத் தொடங்கினார்.

1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் சப்பானியப் படை நம் போர்ட் பிளேயரில் இறங்கியது. போரின் அச்சம் கடல் கடந்து சென்னையையும் பற்றியது. மக்கள் பலர் நகரை விட்டு அகன்றனர். முதியவராகிய ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அங்கேயே ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். அவர் எழுதிவந்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளோடு நின்றுவிட்டது. பின்னைய நாற்பது ஆண்டுகளின் கதையை அவர் சொல்லக் கேட்கும் பேறு நமக்கு இல்லை.

எனினும் அவர் செய்த பணி நின்றுவிடவில்லை. அவர் தொகுத்த சுவடிகளைக் காக்க 1943இல் அவர் பெயரால் சென்னையில் நூலகம் தோன்றியது. தமிழகத்தை விட்டுக் கடல் நடுவே வாழும் நாமும் இன்று புறநானூற்றைக் கையில் எடுத்துப் படிக்க முடிகிறது. அளவோடும் தொடர்ந்தும் விருப்பத்தோடும் செய்யும் பணியே நெடுங்காலம் நிலைக்கும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

சொல்லும் பொருளும்

சுவடி – பனையோலை நூல்
செல் – கறையான்
படி எடுத்தல் – பார்த்து எழுதுதல்
முன்சீப் – உரிமையியல் நீதிபதி
அகவை – வயது
ஐயம் – சந்தேகம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்த ஆண்டு ______.
2. குறிஞ்சிப்பாட்டில் விடுபட்ட பகுதி ______ ஆதீனத்தில் கிடைத்தது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. இராமசாமி முதலியாரின் கேள்வி சாமிநாதர் வாழ்வை எவ்வாறு மாற்றியது?
2. சுவடிகளை ஒப்பிடும் பணி எவ்வாறு நடைபெற்றது?

இ. சிந்தித்து எழுதுக.
சாமிநாதர் பல்லாண்டு சலிப்பின்றி உழைத்ததற்குக் காரணங்களாக நீங்கள் கருதுவன யாவை?

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியோரிடம் நாள்தோறும் கால் மணி நேரம் அமர்ந்து, அவர்கள் அறிந்த பழமொழிகளையும் விடுகதைகளையும் கேட்டு எழுதுக. ஒரு திங்கள் கழிந்தபின் அவற்றை அகர வரிசைப்படுத்தி, வகுப்பில் நண்பர்களுடன் ஒப்பிடுக.